தண்ணீருக்கு ஒரு கொண்டக்டர்

எங்கள் ஊரில் தண்ணீர் திறந்துவிடுகிற வேலை அவருடையது. தண்ணீர்த் தாங்கிக்குக் கீழே உள்ள பெரிய வால்வைத் திருகியதும் வேறு யாராக இருந்தாலும் நிழல் பார்த்துக் குந்தியிருப்பார்கள். அவர் சைக்கிளில் ஏறிவிடுவார். தண்ணீர் நிலத்துக்குக் கீழே குழாயால் ஓடும். அவர் அதற்கு மேலே வீதியால் ஓடுவார். சந்திக்குச் சந்தி நின்று சைக்கிள் மணியை ஒருதரம் அடிப்பார். "ஏறியாச்சோ?" என்று வேலிக்கு மேலால் கத்துவார். உள்ளேயிருந்து யாராவது "ஓம், வந்திட்டுது!" என்று குரல் கொடுத்தால் மணியை இரண்டுதரம் அடித்துவிட்டு அடுத்த சந்திக்கு மிதிப்பார். ஒரு மணி என்றால் நில், இரண்டு மணி என்றால் போ. பஸ்ஸில் கொண்டக்டராகப் பாதி ஆயுளைக் கழித்த மனுசன் அவர். பென்சன் எடுத்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

ஆள் கட்டை. காக்கிக் களுசான், மேல் பொத்தான் போடாத வெள்ளைச் சட்டை, காதில் ஒரு பென்சில். இடது கை விரல்களுக்கு நடுவில் எந்த நேரமும் நீளமாக மடித்த கடதாசித் துண்டுகள் செருகியிருக்கும். பஸ்ஸில் நோட்டுகளை அப்படி மடித்து வைத்துப் பழகிய கை. இப்போது அந்தத் துண்டுகளில் எந்த வீட்டுப் பைப் ஒழுகுகிறது, எந்த வால்வுக்கு வாசர் மாற்றவேண்டும் என்று எழுதியிருக்கும். குடிநீர்ச் சங்கத்துக்குச் செயலாளர் நான்தான். டவுனில் ஓர்ஸ் ஹில் கந்தோரில் கிளாக்கர் உத்தியோகம், கையெழுத்து வடிவு என்று பிடித்துப் போட்டுவிட்டார்கள். என்னுடைய கோப்புகள் அலுமாரிக்குள் தூசி தின்றுகொண்டிருக்க, ஊரை நடத்தியது அவருடைய அந்த ஐந்து விரல்கள்தான். இதை அப்போது நான் ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

அவரைப் பற்றி ஒரே ஒரு விசயம் தெரிந்தால் போதும், முழு ஆளையும் தெரிந்த மாதிரி. அவருக்குக் கடைசி ஆள்தான் கணக்கு. முன்னுக்கு நிற்கிறவர்களை அவர் பார்க்கவே மாட்டார்.

பஸ்ஸில் இருந்த காலத்தில் நான் அவரோடு பிரயாணம் செய்திருக்கிறேன். ஒருநாள் உப்புவெளி ஹோல்டை விட்டு பஸ் இழுத்துவிட்டது. பின்னால் ஒரு பெண், மீன் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓடி வருகிறாள். இவர் மணியை அடித்தார். சாரதி நிறுத்தவில்லை. ஏற்கெனவே பிந்தின பஸ். இவர் மணியை விடாமல் அடித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் சாரதி பிரேக் போட்டுவிட்டுத் திரும்பி, "உனக்கு விசரே?" என்று கேட்டான்.

"ஓடி வாற ஆளை விட்டுட்டுப் போறதெண்டால் பஸ்சுக்கு ஏன் கொண்டக்டர்?" என்றார் இவர். பஸ் முழுக்க மீன் வாடை. எனக்குப் பக்கத்தில் இருந்த கந்தோர் ஆட்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். இவர் அந்தப் பெண்ணுக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு, பரீட்சை பாஸ் பண்ணிய ஆள் மாதிரிச் சிரித்துக்கொண்டு நின்றார்.

என் கலியாணத்திலும் இதே கூத்துத்தான். குடும்பப் படம் எடுக்க எல்லாரும் வரிசையாக நின்று, கமெராக்காரர் "ரெடி" என்று சொன்ன நேரம், "கொஞ்சம் பொறுங்கோ, ஒராள் ஏறேல்லை" என்று சத்தம் போட்டார். குசினிக்குள் ஓடிப்போய்ச் சமையற்காரரைக் கையில் பிடித்து இழுத்து வந்தார். அந்த மனுசன் வியர்வை வழிய, கையில் அகப்பையோடு என் மனைவிக்குப் பக்கத்தில் நிற்கிறார். ஆல்பத்தில் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. மனைவிக்கு அந்தப் படத்தைக் காணும்போதெல்லாம் கோபம் வரும், பிறகு சிரிப்பு வரும்.

இப்படிப்பட்ட ஆளிடம் தண்ணீரைக் கொடுத்தால் என்ன நடக்கும்? அதைச் சொல்லத்தான் வந்தனான்.

எங்கள் ஊர் உப்புவெளியைத் தாண்டி வடக்கே, கடலுக்கும் உப்புநீர்க் களப்புக்கும் நடுவில் மணலில் கிடக்கிறது. மணலுக்குக் கீழே நல்ல தண்ணீர் உண்டு. அதற்கும் கீழே உப்புத் தண்ணீர். இரண்டுக்கும் நடுவில் தடுப்பு ஒன்றும் இல்லை. சங்கத்துக் கிணற்றில் மோட்டரை அளவோடு போட்டால் மேலே நிற்கிற நல்ல தண்ணீர் வரும். கூட இழுத்தால் உப்பு ஏறி வரும். ஏறினால் மாரி மழை வரைக்கும் இறங்காது. ஆகவே ஊர் கூடி ஒரு சட்டம் வைத்தோம். மோட்டர் ஒரு நாளைக்கு மூன்று மணித்தியாலம், அவ்வளவுதான். அதில் தாங்கி எவ்வளவு நிரம்புகிறதோ அதைத்தான் எல்லாரும் பங்கிட வேண்டும்.

தாங்கிக்குப் பக்கத்தில் முதல் வீடு என்னுடையது. அடுத்தது சங்கத் தலைவருடைய வீடும் கடையும். பிறகு பள்ளிவாசல் வீதி, அதைத் தாண்டி மாதா கோயிலடி, எல்லாவற்றுக்கும் கடைசியில் களப்புக் கரையில் எட்டு வீடுகள். அந்த எட்டு வீடும் ஒரு மணல் மேட்டில் இருந்தன. மேட்டுக்கு ஏற, குழாயில் தண்ணீர் நெருக்கிக்கொண்டு போகவேண்டும். அந்த எட்டிலும் ஆகக் கடைசி, ஜெசிந்தாவின் வீடு. கருவாடு போடுகிறவள். புருசன் கடலுக்குப் போகிறவன், இரண்டு சின்னப் பிள்ளைகள்.

நான் சொல்லுகிற வருசம் கச்சான் காற்று நெருப்பாக வீசியது. கிணறு இறங்கியது. தாங்கி பாதிதான் நிரம்பியது. களப்புக் கரைக்குத் தண்ணீர் போவது நின்றுவிட்டது. ஜெசிந்தா சைக்கிளின் இரண்டு பக்கமும் கான்களைக் கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். இவர் ஒவ்வொரு நாளும் அவளுடைய வாசலில் ஒருதரம் மணி அடித்து, "ஏறியாச்சோ?" என்று கேட்பார். அவள் பைப்பைத் திறந்து காட்டுவாள். இரண்டாவது மணியை அடிக்காமல் சைக்கிளை உருட்டிக்கொண்டு திரும்புவார். அந்த நாட்களில் அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவருடைய மனைவி என்னிடம் சொன்னா.

சங்கக் கூட்டத்தில் தலைவர் எழும்பினார். தலைவர் கூடாத மனுசன் இல்லை. ஆனால் அவசரக்காரர்.

"மோட்டரை அஞ்சு மணித்தியாலம் ஓட்டுவம். ஏலாதெண்டால், களப்புக் கரை லைனை வெட்டி விடுவம். அந்த எட்டு வீட்டுக்கும் தண்ணி பவுசர் லொறி கேட்டு எழுதுவம்."

நிறையத் தலைகள் ஆடின. என்னுடைய தலையும் ஆடியது என்பதை மறைக்கத் தேவையில்லை.

அவர் விரல்களில் இருந்த துண்டுகளை ஒருதரம் பார்த்துவிட்டுச் சொன்னார். "அஞ்சு மணித்தியாலம் ஓட்டினால் ஊருக்கே உப்பு. லைனை வெட்டினால் எட்டு வீட்டை நடுவழியில இறக்கி விட்டமெண்டு அர்த்தம். தாங்கியில இருக்கிற தண்ணி எல்லாருக்கும் காணும். இடையில எங்கயோ குடிபடுது. எனக்கு வெள்ளிக்கிழமை வரைக்கும் தவணை தாங்கோ. பின்னேரம் நாலு மணிக்கு வந்து கையை உயர்த்துங்கோ, நான் மறிக்கேல்லை."

எங்கே குடிபட்டது என்று வெளியூர் ஆளுக்குச் சொன்னால் நம்பமாட்டார். எங்கள் ஊரில் பைப்பில் தண்ணீர் இல்லாவிட்டால் யாரும் அதைப் பூட்டுவதில்லை. கீழே வாளியை வைத்து, திறந்தபடி விட்டுவிட்டு வேலைக்குப் போவோம். வரும்போது வரட்டும், தானாக நிரம்பட்டும் என்று. நிரம்பிய பிறகு வழிந்து மணலுக்குள் போவதை யார் பார்த்தது? வீட்டுக்கு வந்தால் வாளி நிறைந்திருக்கும், மனம் குளிர்ந்துவிடும்.

அவருடைய திட்டம் இதுதான். வெள்ளிக்கிழமை காலையில் தண்ணீர் திறப்பதில்லை. பகல் ஜும்ஆ நேரம் பள்ளிவாசலில் குத்பாப் பிரசங்கம் நடக்கும்போது திறப்பது. அந்த நேரம் ஆண்கள் பள்ளிக்குள், கடைகள் பூட்டு, ஊர் அமைதி. குழாய் மூச்சு விட்டாலும் கேட்கும். வீட்டுப் பெண்கள் எல்லாரும் பைப்பைப் பூட்டி வைத்தால், தண்ணீர் எல்லா வீட்டுக்கும் கீழால் நேராக ஓடி முதலில் கடைசி வீட்டில் ஏறவேண்டும். ஏறினால் லைனில் பிழை இல்லை, பிழை எங்களில்தான். பள்ளிவாசல் தலைவர் ஒலிபெருக்கியில் அறிவித்தார். கோயில் பாதிரியாரும் சொன்னார். நோட்டீஸ் எழுதியது நான். "ஒருவரும் பைப்பைத் திறந்து வைக்க வேண்டாம்" என்று எழுதி, "வேண்டாம்" என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு போட்டேன்.

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு பஸ்ஸால் இறங்கி நேரே தாங்கியடிக்கு ஓடினேன். அவர் வால்வுத் திறப்போடு நின்றார். அது ஆளுயர இரும்புக் கம்பி, தலையில் குறுக்குப் பிடி. பள்ளியில் குத்பா தொடங்கியது. அவர் வால்வைத் திருகினார். காலடியில் மண்ணுக்குள் தண்ணீர் விழுந்து ஓடுகிற சத்தம் கேட்டது.

"ஏறுங்கோ தம்பி!" என்றார். நான் கரியரில் குந்தினேன், கையில் வால்வுத் திறப்பு. மணி இரண்டுதரம். "இண்டைக்கு எக்ஸ்பிரஸ். இடையில ஹோல்ட் இல்லை!"

அறுபதைத் தாண்டிய மனுசன், பின்னால் என் பாரம், மணல் வீதி. என்ன மிதி மிதித்தார்! வேலிகளுக்கு மேலால் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். பள்ளிவாசலைக் கடந்தோம், கோயிலைக் கடந்தோம், மேட்டில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறினோம். ஜெசிந்தா பைப்பைத் திறந்து கையை அதன் கீழே பிடித்துக்கொண்டு நின்றாள். பிள்ளைகள் இரண்டும் அவளுடைய பாவாடையைப் பிடித்தபடி.

ஒன்றும் வரவில்லை. அவள் உள்ளங்கையால் பைப்பின் வாயை மூடிப் பார்த்தாள். "உள்ளுக்கு இழுக்குது அண்ணை" என்றாள்.

அவர் சைக்கிளைத் திருப்பினார். கோயிலடியில் ஒவ்வொரு வீட்டுத் தண்ணீர் மீற்றருக்கும் மேலே கம்பியின் நுனியை ஊன்றி, பிடியில் காதை வைத்துக் கேட்டார். மூன்றாவது வீட்டில், "ஓடுது!" என்றார். வீட்டுக்காரி நாக்கைக் கடித்துக்கொண்டு ஓடிப்போய்ப் பூட்டினாள். பள்ளிவாசல் வீதியில் இன்னும் நாலு வீடு. ஒரு வீட்டில் பீப்பா நிறைந்து வாழையடிக்கு ஆறு ஓடிக்கொண்டிருந்தது. பூட்டப் பூட்ட இவருக்கு உசார் கூடியது. "ஏறுது, ஏறுது!" என்றார். அவருடைய ஃபோன் அடித்தது. ஜெசிந்தா கத்தியது எனக்கே கேட்டது.

"அண்ணை, காத்து வருது! முதல் உள்ளுக்கு இழுத்தது, இப்ப வெளிய ஊதுது!"

காற்று வெளியே வந்தால் பின்னால் தண்ணீர் தள்ளுகிறது என்று அர்த்தம். ஆனால் தண்ணீர் இல்லை. இன்னும் எங்கோ ஒரு வாய் குடித்துக்கொண்டிருந்தது. பள்ளியில் குத்பா முடிந்து தொழுகை தொடங்கிவிட்டது. தொழுகை முடிந்து ஆண்கள் வீட்டுக்குப் போய்ப் பைப்பைத் திறந்தால் எல்லாம் பாழ். தாங்கியில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. நாலு மணிக்குக் கூட்டம். நான் கரியரில் இருந்தபடி, "எந்த மூதேவியின்ட பைப் அண்ணை இது?" என்று பல்லைக் கடித்தேன்.

அவர் சங்கத் தலைவர் வீட்டு மீற்றரில் கம்பியை ஊன்றிக் காதை வைத்தார். சத்தம் இல்லை. அடுத்த மதிலடிக்கு வந்து, மதிலுக்கு மேலால் கம்பியை உள்ளே விட்டு மீற்றரில் ஊன்றிக் காதை வைத்தார். நெடுநேரம் வைத்திருந்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

அது என்னுடைய மதில்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. காலையில் பல் தீட்டப் போய்ப் பைப்பைத் திறந்தேன். தண்ணீர் இல்லை. இன்றைக்குக் காலையில் வராது என்று நோட்டீஸ் எழுதியவன் நான்! ஆனாலும் கை பழக்கத்தில் பீப்பாவுக்குப் போகிற பெரிய பைப்பைத் திறந்து விட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடியிருக்கிறேன். மனைவி லிங்கநகரில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். கேற் பூட்டியிருந்தது, திறப்பு அவளிடம். மதிலுக்கு அப்பால் பீப்பா வழிந்து, என் வீட்டுச் செவ்வரத்தைப் பூமரங்கள் ஊரின் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தன.

நான் மதிலில் பாய்ந்து ஏறினேன். கந்தோர்க் களுசான் பின்பக்கம் டர் என்று கிழிந்தது. எதிர்வீட்டு றஹீமா ராத்தா வேலியால் பார்த்துக்கொண்டிருந்தா. "யா அல்லாஹ்! செக்கிரட்டரி தன்ட ஊட்டுக்குள்ளயே களவெடுக்கப் பாயிறார்!" என்று அடக்கமாட்டாமல் சிரித்தா. விழுந்தெழும்பிப் பைப்பைப் பூட்டினேன். திரும்பி மதிலில் ஏறி உட்கார்ந்தபோது அவர் கீழே சைக்கிளோடு நின்றார். ஏசுவார் என்று நினைத்தேன்.

"டிக்கெட் எடுக்காத ஆளை பஸ் முழுக்கத் தேடினன் தம்பி" என்றார். "என்ட கரியரிலயே குந்தியிருந்திருக்கு."

அவ்வளவுதான். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

திரும்பவும் மிதி. பள்ளிவாசலடிக்கு வரவும் தொழுகை முடிந்து சனம் வெளியே வரவும் சரியாக இருந்தது. ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. "என்ன, ஏறினதோ?" என்று கேட்டுக்கொண்டு தொப்பியோடு எங்களுக்குப் பின்னால் நடக்கத் தொடங்கினார்கள். கோயிலடிச் சனமும் சேர்ந்தது. சங்கத் தலைவரும் சாறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். கிழிந்த களுசானை மறைக்க நான் லீவுக் கடதாசிக் கோப்பைப் பின்னால் பிடித்துக்கொண்டேன்.

மேட்டில் ஏறும்போதே ஜெசிந்தாவின் பைப் ஊதுகிற சத்தம் கேட்டது. புஸ், புஸ் என்று. பிறகு நின்றது. ஒரு இருமல் மாதிரிச் செம்மண் நிறத்தில் கொஞ்சம் துப்பியது. திரும்ப நின்றது. பிறகு வந்தது பாருங்கள்! முதலில் நூலாக, பிறகு விரலளவாக, பிறகு கை மணிக்கட்டைத் தள்ளுகிற வேகத்தில், கண்ணாடி மாதிரித் தெளிந்த தண்ணீர். ஜெசிந்தா வாளியை வைக்கவில்லை. கையில் ஏந்திக் குடித்தாள். "உப்பில்லை" என்றாள். பிள்ளைகள் உடுப்போடு கீழே போய் நின்றுவிட்டார்கள்.

அவர் சைக்கிளை நிறுத்தி மணியை ஒருதரம் அடித்தார். கண்ணுக்கு முன்னால் தண்ணீர் கொட்டுகிறது, ஆனாலும் கேட்டால்தான் அவருக்கு அடங்கும்.

"ஏறியாச்சோ?"

"ஓம் அண்ணை, வந்திட்டுது."

இரண்டு மணி. அத்தனை சனமும் கை தட்டியது.

நாலு மணிக்குக் கூட்டம் கூடியது. தண்ணீர் போகும் என்பதை எல்லாரும் கண்டுவிட்டோம். ஆனால் தலைவர் விடவில்லை. "இண்டைக்குச் சரி. நாளைக்கும் ஆராவது திறந்து வைப்பினம். கடைசியா மறிச்சு வைச்சிருந்தது ஆரின்ட பைப்? பெயரைச் சொல்லுங்கோ."

அவர் விரல் இடுக்கில் இருந்த ஒரு துண்டை எடுத்தார். அதில் என் வீட்டு இலக்கம் இருந்தது எனக்குத் தெரியும். அவர் அதை இன்னும் சின்னதாக மடித்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "ஒரு வீட்டுப் பைப்" என்றார்.

நான் எழும்பினேன். "என்ட பைப்" என்றேன். "நோட்டீஸ் எழுதினவனின்ட பைப்." சனம் சிரித்தது. றஹீமா ராத்தாதான் எல்லாரிலும் பலமாகச் சிரித்தா.

சிரிப்பு அடங்கும்வரை அவர் காத்திருந்தார். பிறகு சபைக்குச் சொன்னார். "பூட்டச் சொல்லி எத்தனை நோட்டீஸ் போட்டாலும் கை கேக்காது. ஏறுற வரிசையை மாத்துவம். வாற நாளிலயிருந்து களப்புக் கரை முதல். அதுக்குப் பிறகு கோயிலடி, பிறகு பள்ளி வீதி. தாங்கியடி கடைசி. ஒவ்வொரு பகுதிக்கும் தனி வால்வு போடுவம். தாங்கியடி வீடுகளின்ட வால்வை நான் மற்ற எல்லாரும் ஏறின பிறகுதான் திறப்பன்." என் பக்கம் திரும்பினார். "செக்கிரட்டரித் தம்பி, கடைசி வீடு உங்கட வீடாத்தான் இருக்கும். தண்ணி முடிஞ்சால் உங்களுக்குத்தான் இல்லை. ஏலுமோ?"

வீட்டில் என்ன பூகம்பம் காத்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். "ஏலும்" என்றேன்.

தலைவர் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். "அப்ப நான் அவருக்கு முன்னால" என்றார். லைனை வெட்டுகிற கதையை அதற்குப் பிறகு ஒருவரும் எடுக்கவில்லை. மோட்டர் இன்றைக்கும் மூன்று மணித்தியாலம்தான். கிணறு இன்னும் உப்பாகவில்லை.

முழங்கால் ஏலாமல் போனதும் அவர் வவுனியாவில் மகளோடு போய் இருக்கிறார். இப்போது எங்கள் ஊரில் தண்ணீர் திறப்பது ஜெசிந்தா. அவள் சைக்கிளில் போகிறாள், மணியும் அடிக்கிறாள். முதலில் தன் வீட்டடியில் கேட்டுவிட்டு, கடைசியில் என் மதிலடிக்கு வருகிறாள். சில நாட்களில் வெயில் ஏறும் மட்டும் நானும் மனைவியும் பைப்பைப் பார்த்துக்கொண்டு நிற்போம். இரண்டு நாள் தண்ணீரே வராமல் விட்டதும் உண்டு. அந்த இரண்டு நாளும் களப்புக் கரையிலிருந்து வாளியில் தண்ணீர் வந்தது.

வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிகிற நேரத்துக்கு எனக்கு அவரிடமிருந்து ஒரு ஃபோன் வரும். சுகமா என்று கேட்கமாட்டார். மனைவி பிள்ளைகளை விசாரிக்கமாட்டார். முதல் வார்த்தையே, "கடைசி வீட்டுக்கு ஏறியாச்சோ?"

முதல்முறை கேட்டபோது ஜெசிந்தாவைத்தான் கேட்கிறார் என்று நினைத்து அவளுடைய வீட்டுப் புதினம் எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது முதல் வீடெல்லோ தம்பி" என்றார். "நான் உங்களைக் கேட்டனான்."

"ஓம் அண்ணை, வந்திட்டுது" என்றேன்.

சைக்கிளை விற்றுவிட்டார் என்று மகள் சொல்லியிருந்தாள். மணியை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டது எனக்குத் தெரியாது. ஃபோனுக்குள் அது இரண்டுதரம் அடித்தது.